மீன் விற்றதற்கு ஆதாரம்

உலகத்தின் நாகரிகங்கள் எல்லாம் சந்தையிலேதான் பிறந்தன. பபிலோனுக்கும் ரோமாபுரிக்கும் அடுத்தபடியாக அந்தப் பெருமை தும்பைமுனைக்கு உரியது. வடகரை மரபுச் சந்தைகள் மீளெழுச்சிச் செயலகம் பளபளப்பான தாளில் அச்சிட்டு வெளியிட்ட நாற்பது பக்கக் கைந்நூல் இப்படித்தான் தொடங்குகிறது.

பபிலோனில் என்ன நடந்ததோ தெரியாது. தும்பைமுனைச் சந்தை கட்டப்பட்டது நாய்த் தொல்லையால். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம் போனால் வருகிற சின்னக் கரையோர ஊர் அது. அந்தக் காலத்தில் மீன்காரப் பெண்கள் தெருவோரம் இருந்து விற்றார்கள். மீன் இருந்த இடத்துக்கு நாய்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஒருநாள் கிராமச் சபைத் தலைவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அடுத்த கூட்டத்திலேயே மண்டபத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது. பன்னிரண்டு தூண், ஓட்டுக் கூரை, இருபத்துநாலு சீமெந்து மேடை, நடுவே கடலை நோக்கிச் சரிந்து ஓடும் ஒரு வாய்க்கால். மேடையை ஊரில் 'கல்' என்பார்கள்.

ஏழாம் கல் மகாதேவியுடையது. முப்பது வருடத்துக்கு மேல் அதில் இருந்து மீன் விற்றவள். ஷெல் விழுந்து கூரையில் பாதி போனபோது மிச்சப் பாதியின் கீழ் இருந்து விற்றாள். சுனாமி வந்து போன பிறகு கல்லைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவிவிட்டு விற்றாள். ஷெல்லாலும் சுனாமியாலும் எழுப்ப முடியாத மகாதேவியைச் செயலகம் ஒரு கடிதத்தால் எழுப்பியது.

மண்டபம் 'மரபு உணவருந்தல் மையமாக' மீளெழுச்சி பெறப் போகிறது. ஆகவே வியாபாரிகள் ஆறு மாதத்துக்கு மட்டும் வெளியே இருக்க வேண்டும் என்றது கடிதம். வெளியே என்பது தெருக்கரையில் நாலு தடியும் எட்டுத் தகரமும். தண்ணீர்க் குழாய் இல்லை. மார்கழிக் காற்றில் ஐந்து தகரம் போயிற்று. ஆறு மாதம் போய், இன்னும் இரண்டு ஆறு மாதமும் போயிற்று.

பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. மண்டபத்தோடு 'மரபுத் தொடர்பை' நிரூபிக்கக்கூடிய வியாபாரி ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, உள்ளே ஓர் இடம் ஒதுக்கப்படும். ஒதுக்கப்படும் இடம், இலக்கம் ஏழு.

"தங்கச்சி, உன்ரை கல்லை உனக்கே தாறதுக்குச் சோதினை வைக்கிறாங்கள்," என்றார் செல்வநாயகம். அவர் மீன் வெட்டிக் கொடுப்பவர். இருபது வருடமாக ஏழாம் கல்லுக்குப் பக்கத்தில் கத்தி தீட்டியவர். "போய் எழுதிப்போட்டு வா."

செயலகம் யாழ்ப்பாண நகரில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மகாதேவி நாலு முறை பஸ் ஏறினாள். முதல்முறை படிவம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை படிவம் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில்; தமிழ்ப் படிவத்தை மொழித்தூய்மை உபகுழு பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை இணைப்பாளர் துஷாந்தினி தானே பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை.

நாலாம் முறை நேர்முகம்.

நடுவில் இருந்தவர் செயலகத் தலைவர் கலாநிதி சோமசேகரம். கலாநிதிப் பட்டம் தென்னை வண்டு பற்றியது. வண்டிலிருந்து மரபுக்கு அவர் எப்படி வந்தார் என்று கேட்ட ஒருவரும் அந்தக் கந்தோரில் நிலைக்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களின் வேலை தலையாட்டுவது.

"அம்மா, அந்த மண்டபத்திலை மீன் விற்கப்பட்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று தொடங்கினார் தலைவர்.

மகாதேவிக்குக் கேள்வி விளங்கவில்லை. "ஐயா, அது மீன் சந்தை."

"அது ஊர்வழக்கு. ஊர்வழக்கு ஆவணம் ஆகாது."

"நான் அதிலை இருந்து வித்தனான்."

"அது நீங்கள் சொல்லுறது. மூன்றாந்தரப்பு ஆதாரம் வேணும்."

மகாதேவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு முகம் வெளித்தது. "இருக்கு ஐயா. நீங்கள்தான் ஆதாரம்!"

"நானோ?"

"ஓம். கொக்குவிலிலை இருந்து உங்கடை வாகனம் ஓடுற றைவர் எமில்ராஜ் தம்பி கிழமைக்கு ஒருக்கா வந்து என்னட்டைத்தானே மீன் வாங்கிறவர். விளைமீன் எண்டால் ஐயாவுக்கு உயிராம். தலையைத் தனியாச் சுத்தித் தரச் சொல்லுவார். அம்மாவுக்குத் தலை பிடியாதாமே?"

இரண்டு பக்கத்துத் தலைகளும் ஆடுவதை நிறுத்தின. தலைவர் தண்ணீர் குடித்தார். அன்றைய கூட்டக்குறிப்பில் இப்படிப் பதிவாயிற்று: 'விண்ணப்பதாரி ஆதாரம் எதனையும் சமர்ப்பிக்கவில்லை. குழு உறுப்பினர் ஒருவரின் குடும்ப விடயம் பற்றி அநாவசியமாகக் கதைத்தார். செயல்முறைப் பரீட்சைக்கு அழைக்கலாம்.'

செயல்முறைப் பரீட்சை மண்டபத்துக்குள் நடந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகாதேவி உள்ளே கால்வைத்தாள். தூணுக்கெல்லாம் சந்தன நிறம். வாய்க்காலுக்கு மேலே கண்ணாடி போட்டு, உள்ளே நீல விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'ஒல்லாந்தர் கால நீர்வழி'.

"பிள்ளை, இது மீன் கழுவின தண்ணி போற கான்," என்றாள் துஷாந்தினியிடம்.

"தெரியும் அம்மா," என்றாள் துஷாந்தினி மெல்ல. "ஆனால் ஒல்லாந்தர் எண்டு போட்டாத்தான் காசு வந்தது."

மூக்குக்கு ஏதோ குறைந்தது. மீன்வாசம் இல்லை. அதைப் போக்குவதற்கு வாசனை உபகுழு ஒன்பது மாதம் உழைத்திருந்தது. கொழும்பிலிருந்து மருந்து வரவழைத்துத் தரையை மூன்று தரம் கழுவியிருந்தது. வெற்றிகரமாகப் போக்கிய பிறகு, செயலகம் சம்பளத்துக்கு வைத்திருந்த மரபு ஆலோசகர் வந்து முகர்ந்துவிட்டு, கடற்கரைச் சந்தையில் கடல்வாசம் இல்லாதது பெருங்குறை என்று அறிக்கை கொடுத்தார். ஆகவே கடல்வாசம் வீசும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அது இன்னும் பெட்டி பிரிக்காமல் ஏழாம் கல்லின் மேல் இருந்தது.

மகாதேவி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கல்லில் கையை வைத்துப் பார்த்தாள். வலது மூலையில் கத்திபட்ட தழும்பு அப்படியே இருந்தது. அதற்கு மட்டும் ஒருவரும் வர்ணம் பூசவில்லை.

அவளுக்கு முன்னால் ஐந்து பிளாஸ்ரிக் மீன்களை வைத்தார்கள். நீங்கள் வழமையாகக் கூவுகிற மாதிரிக் கூவுங்கோ என்றார்கள்.

"நான் கூவுறேல்லையே. மீன் நல்லதெண்டால் சனம் வரும்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார் தலைவர். "வாறவைக்கு ஓர் அனுபவம் வேணும். கூவுங்கோ."

மகாதேவி பிளாஸ்ரிக் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பழக்கம். பிறகு, "உடன் மீன், இப்ப பிடிச்ச மீன், வாங்கோ," என்றாள் பேருக்கு.

ஆலோசகர் திருப்திப்படவில்லை. குரலில் மண் இல்லை என்றார். சேலை மரபுச் சேலை இல்லை என்றார். இதற்கு முதல்நாள் ஒரு நாடகப் பிள்ளை வந்து செய்து காட்டியதில் மீன்காரியின் ஆன்மா இருந்தது என்றார். படம் பிடித்தார்கள். முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

அதற்கிடையில் திறப்புவிழாவுக்குத் திகதி குறித்தார்கள். பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வருகிற பெரிய மனிதர். அவருக்கு ஓய்வான நாள் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த நாளில் 'மாபெரும் கடலுணவு மதிய விருந்து' என்று தலைவர் பிரேரித்தார். பதினாலு உத்தியோகத்தர்கள் ஏகமனதாக ஏற்றார்கள்.

அது ஆடி அமாவாசை.

யாழ்ப்பாணத்தில் அன்று மீன் தின்னக்கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். தகப்பனை இழந்தவர்கள் கடலில் முழுகி, விரதமிருந்து, காகத்துக்குப் படைத்து, காத்தோட்டிக்காய் வைத்துச் சமைத்து மரக்கறிச் சோறு தின்கிற நாள். தகப்பன் இருக்கிறவன் வீட்டிலும் அன்று மீன்சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். கடலில் ஒரு வள்ளமும் இறங்காது. பதினாலு பேருக்கும் இது தெரியும். அவர்களில் ஒன்பது பேர் அன்றைக்கு லீவு கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் திகதியைச் சொன்னவர் தலைவர். துஷாந்தினி மட்டும் கலண்டரில் அந்த நாளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். பிறகு அதையும் அழித்துவிட்டாள்.

விழா நாள் காலை ஏழரைக்கு, தகரக் கொட்டிலுக்கு முன்னால் செயலக வாகனம் வந்து நின்றது. மகாதேவி கடலில் முழுகி, தகப்பனுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, ஈரத் தலையோடு சாமான்களை மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். வாகனத்திலிருந்து, குறிப்புப் புத்தகம் பிடித்த துஷாந்தினியோடு தலைவர் இறங்கினார். அவரும் விடியக் கீரிமலைக்குப் போய்த் தகப்பனாருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு நேரே வந்திருந்தார். நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை.

"மகாதேவி, நூற்றிருபது பேருக்கு மீன் வேணும். பதினொரு மணிக்குள்ளை."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். கொழும்பிலையிருந்து வர வேண்டிய மீன் லொறி வவுனியாவிலை பழுதாப்போச்சுது."

"ஐயா, இண்டைக்கு என்ன நாள்?"

"விழா நாள்."

"ஐயாவின்ரை நெத்தியிலை என்ன?"

தலைவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எடுத்த கையை நடுவழியில் நிறுத்தினார். "அது எங்கடை சொந்த விசயம். இது நிறுவன விசயம். ரெண்டையும் குழப்பக்கூடாது."

"ஒரு வள்ளமும் போகேல்லை ஐயா."

"கடல் திறந்துதானே கிடக்கு?"

"கடலுக்குக் கதவில்லை. போறதுக்குத்தான் ஆளில்லை. எல்லாரும் தகப்பன்மாருக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிக்கினம். நீங்கள் இறைச்சிட்டு வந்திட்டியள்."

தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். இலக்கம் ஏழு, மகாதேவி, நிரந்தர அனுமதி. கீழே பச்சை மையில் கையெழுத்து. "எல்லாம் போட்டாச்சு. மீன் உள்ளை வந்தால் இந்தக் கடிதம் வெளியிலை வரும். உங்களை மாதிரியான ஆக்களைக் கைதூக்கிவிடத்தான் நாங்கள் இருக்கிறம். ஆனால் கைதூக்கிறதுக்கு நீங்களும் கொஞ்சம் பாரம் குறையவேணும்." இப்படிச் சொல்லிவிட்டு, அந்த வசனம் நன்றாக இருந்ததால், விழாப் பேச்சுக்காகத் துஷாந்தினியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

செல்வநாயகம் மகாதேவியை ஒரு பக்கத்துக்கு இழுத்தார். "தங்கச்சி, ஐஸ்காரன்ரை பெட்டியிலை சூரை கிடக்கு. நாலு நாள் பழசு. தூளைப் போட்டுப் பிரட்டிப் பொரிச்சால் உவங்களுக்கு என்ன தெரியப்போகுது? கடிதத்தை வாங்கு."

மகாதேவி போய்ப் பெட்டியைத் திறந்தாள். மேலே கிடந்த சூரையின் செவுளைத் தூக்கினாள். கறுத்துப் போயிருந்தது. அமர்த்திய விரல் பதிந்த இடம் பதிந்தபடியே கிடந்தது. மூடினாள்.

"என்னடி?"

"உது நாய்க்கும் போடேலாது அண்ணை."

"நீயோ தின்னப்போறாய்? கல்லு போகுது, பாத்துக்கொள்!"

"ஏழாம் கல்லிலை இருந்து செவுள் கறுத்த மீன் ஒருநாளும் போகேல்லை. கல்லை எடுக்கிறதுக்கு உதைக் குடுத்தால், பிறகு அந்தக் கல்லிலை இருந்து என்ன வாயாலை மீன் விக்கிறது?" தலைவரிடம் திரும்பி வந்தாள். "இல்லை ஐயா. நாளைக்கு விடிய வாங்கோ. நல்ல மீன் வரும்."

தலைவர் கடிதத்தை மடித்தார். மிக நிதானமாக, நாலாக மடித்தார். "உங்களாலை மீன் தர முடியேல்லை," என்றார். "குறிச்சுக்கொள்ளுங்கோ துஷாந்தினி."

துஷாந்தினி குறித்துக்கொண்டாள். மகாதேவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் பத்தரை மணிக்கு இன்னொரு பிரச்சினை எழுந்தது. மீன் எங்கிருந்தோ வந்துவிடும் என்று சமையற்காரர் சொல்லியிருந்தார். ஆனால் தின்பது யார்? அழைக்கப்பட்ட நூற்றிருபது பேரில் வந்திருந்தவர்கள் தொண்ணூறு பேர். தொண்ணூறு நெற்றியிலும் விபூதி. தொலைக்காட்சிக்காரர் கமராவைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவசரச் சுற்றறிக்கை ஒன்று கைபேசிகளில் பறந்தது: 'இன்றைய தினம் கடலுணவு உட்கொள்ளச் சமயரீதியாகத் தகைமையுடைய உத்தியோகத்தர்கள் உடனடியாக முன்வரிசைக்குச் சமூகமளிக்கவும்.'

செயலகத்தில் தகைமையுடையவர்கள் இரண்டு பேர். இருவரும் கிறிஸ்தவர்கள், மெதடிஸ்ற் சபை. ஒருவர் எழுதுவினைஞர் ஹன்னா. அவர் பிறந்ததிலிருந்து மரக்கறி. மற்றவர் எமில்ராஜ்.

"ஐயா, நான் றைவர்," என்றான் எமில்ராஜ்.

"இண்டைக்கு நீர் உள்ளூர் மக்கள்," என்றார் தலைவர். ஹன்னாவின் தமையனின் கோட் ஒன்று எங்கிருந்தோ வந்து அவன்மேல் ஏறியது. கோட் போடுவதற்கு முதல் அவனை ஓர் அலுவலாகத் தெருவுக்கு எதிர்ப்பக்கக் கடைக்கு ஓடவிட்டார்கள். இரண்டு காட்போட் பெட்டிகளோடு அவன் பின்கதவால் உள்ளே போனதைத் தகரக் கொட்டிலில் இருந்து மகாதேவி பார்த்தாள்.

பிரதம விருந்தினர் வந்தார், நாடாவை வெட்டினார், கண்ணாடிக்குக் கீழே எரிந்த ஒல்லாந்தர் நீர்வழியைக் குனிந்து பார்த்து நெகிழ்ந்தார், பன்னிரண்டாவது நிமிடத்தில் போய்விட்டார். பிறகு தலைவர் பேசினார். ஒலிபெருக்கி தெருவரைக்கும் போட்டிருந்தார்கள்.

"மக்கள் இல்லாத இடத்திலே சந்தை கட்ட யாராலும் முடியும்! மக்கள் இருந்த சந்தையை இந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குத்தான் ஒரு செயலகம் தேவைப்படுகிறது. முன்பு இங்கே சத்தம் இருந்தது. இன்று சங்கீதம் இருக்கிறது. முன்பு இங்கே ஏழைகள் மீன் வாங்கினார்கள்; இன்று இங்கே எவரும் மீன் வாங்கவேண்டிய அவசியமில்லை. மீனே இல்லாமல் மீன் சந்தையின் ஆன்மாவை நாங்கள் காப்பாற்றியிருக்கிறோம்!"

கைதட்டினார்கள். வெளியே செல்வநாயகம் துப்பினார்.

தட்டுகள் வந்தன. வாழையிலையில் வட்டமாக வெட்டிய துண்டு, அதன்மேல் சிவப்பாக ஏதோ, அதன்மேல் ஒரு பூ. உணவுப் பட்டியலில் அதன் பெயர் 'மகாதேவி அக்காவின் உடன் மீன் தட்டு'. பக்கத்தில் பரீட்சையன்று எடுத்த படம். பிளாஸ்ரிக் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மகாதேவி.

தொண்ணூறு பேரும் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பப்படம் தின்றார்கள். தலைவர் முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி, வாய்க்கு நேரே தூக்கி, கமரா 'கிளிக்' என்றதும் திரும்பத் தட்டில் வைத்தார். மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. "காகத்துக்கு வைச்சாச்சு, எப்ப வாறியள்?" என்று மனைவி சொன்னது முன்வரிசைக்கே கேட்டது.

எமில்ராஜ் தின்றான். முன்னுக்கு இருந்தும் தின்றான், பக்கவாட்டில் இருந்தும் தின்றான். தொலைக்காட்சிக்குச் சிரித்துக்கொண்டே தின்றான். பத்திரிகைக்கு யோசித்துக்கொண்டே தின்றான். கைந்நூலின் இரண்டாம் பதிப்புக்காக, ஏழாம் கல்லில் தட்டை வைத்துத் தின்றான். மொத்தம் பதினொரு தட்டு. பின்னேரம் வாகனத்தைத் துஷாந்தினிதான் ஓட்டிக்கொண்டு போனாள்.

பத்து நாளில் மூன்றாவது கடிதம் வந்தது. துஷாந்தினி தட்டச்சுச் செய்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. 'மேற்படி தினத்தன்று மீன் வழங்குமாறு செயலகம் நேரில் கேட்டுக்கொண்டபோதும், விண்ணப்பதாரி மீன் வழங்கத் தவறியதால், அவர் மீன் வியாபாரி அல்லர் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. ஆகவே இலக்கம் ஏழு கடல்வாச இயந்திரத்துக்கு நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது.'

மகாதேவி கடிதத்தைச் செல்வநாயகத்தைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தாள். பிறகு மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று தகரத்தின் நிழல் மீனுக்குத்தான் போதும், ஆளுக்குப் போதாது.

அந்த வியாழக்கிழமை எமில்ராஜ் வந்தான். வாகனத்தைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பதுங்கிப் பதுங்கி வந்தான்.

"அக்கா, ஐயாவுக்கு விளைமீன். தலையைத் தனியா."

"ஐயா மீன் தின்னுறவர் எண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"அக்கா..."

"எனக்கு ஆவணம் வேணும் தம்பி. ஊர்வழக்கு எடுபடாது."

செல்வநாயகம் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மீன் வாங்க நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். வாகனத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். கைந்நூல், இரண்டாம் பதிப்பு. இன்னும் மை மணந்தது.

"ஐயா தின்னுறதுக்கு ஆதாரம் இல்லை அக்கா. அவர் தூக்கிப்போட்டு வைச்சவர். நான் தின்னுறதுக்கு இருக்கு. அதைப் பாத்துத் தாங்கோவன்."

மகாதேவி கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். எட்டாம் பக்கம், முழுப்பக்கப் படம். கோட் போட்ட எமில்ராஜ் ஏழாம் கல்லுக்கு முன்னால் நின்று கண்ணை மூடிச் சுவைத்துக்கொண்டிருந்தான். மேலே பெரிய எழுத்தில், 'எங்கள் கடல், எங்கள் சுவை'.

அவனுடைய முழங்கைக்குப் பின்னால், கல்லின் வலது மூலையில், மூடி பாதி திறந்தபடி, தகரத்தில் அடைத்து விற்கிற ரின்மீன் பேணி ஒன்று நிற்கிறது. எதிர்ப்பக்கக் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டும் தெரிகிறது.